மெனோரா மேட்டில் கொதித்த 525ஐ: ஓர் ஈ39 குளிர்விப்பு முறையின் நிகழ்வு ஆய்வு

வண்டி: பி.எம்.டபிள்யூ 525ஐ, ஈ39 உடல் (5 சீரிஸ்), 2002ஆம் ஆண்டுத் தயாரிப்பு. இன்ஜின் எம்54பி25, ஆறு சிலிண்டர் நேர்வரிசை, 2,494 சிசி, 192 குதிரைத்திறன். ஐந்து கியர் ஆட்டோ.

இடம்: மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். உரிமையாளர் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்பவர். வண்டியின் அன்றாட ஓட்டம் தோட்டத்துச் செம்மண் பாதையும் டவுன் வரையிலான சில கிலோமீட்டர் தார்ச்சாலையும்தான். அவ்வப்போது ஈப்போ, விடுமுறை நாட்களில் பிளஸ் நெடுஞ்சாலை வழியாகப் பினாங்கு.

புகார், அவர் சொன்னபடியே: "ஜேம்ல நின்னா ஏர்கோன் குளிரே இல்ல. மேட்டுல ஏறுனா ஊசி ஏறுது. மத்த நேரமெல்லாம் ஜில்லுனு ஓடுது, ஆனா தண்ணி மட்டும் குறைஞ்சிக்கிட்டே இருக்கு."

இந்தப் புகாரில் நான்கு தகவல்கள் இருக்கின்றன. நின்றால் ஏர்கோன் சூடாவது காற்றோட்டக் குறை. மேட்டில் ஊசி ஏறுவது கூலன்ட் ஓட்டத்தின் குறை, அல்லது ரேடியேட்டரின் குறை. தண்ணீர் குறைவது எங்கோ அழுத்தம் கசிகிறது என்பதற்கு அடையாளம். நான்காவது, "ஜில்லுனு ஓடுது" என்று அவர் நல்ல செய்தியாகச் சொன்னது. உண்மையில் எங்களை முதலில் யோசிக்க வைத்தது அதுதான். எம்54 இன்ஜின் ஜில்லென்று ஓடவே கூடாது.

வண்டி எங்கள் பட்டறைக்கு வருமுன் வேறு பட்டறைகளில் ரேடியேட்டர் மூடி மாற்றப்பட்டிருந்தது. கூலன்டுக்குப் பதில் வெறும் பைப் தண்ணீர் ஊற்றப்பட்டிருந்தது. தெர்மோஸ்டாட்டில் (வெப்பத்துக்கு ஏற்ப ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் வால்வு) "ஒரு வேலை" நடந்ததாகவும் தெரிந்தது. என்ன வேலை என்பதற்குச் சீட்டில் விவரம் இல்லை.

ஊசியை நம்பாமல் எண்ணைப் பார்ப்பது

ஈ39, ஈ46 (அதே காலத்து 3 சீரிஸ்) வண்டிகளின் வெப்ப ஊசி உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுநர் பதறக் கூடாது என்று, ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 115 டிகிரி வரைக்கும் ஊசியை நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது மீட்டரின் மென்பொருள். நடுவைத் தாண்டி ஊசி நகரும்போது இன்ஜின் ஏற்கெனவே ஆபத்தான எல்லையைத் தொட்டிருக்கும். ஆகவே, "ஊசி ஏறுன உடனே நிறுத்திட்டேன்" என்று யாராவது சொன்னால் சிலிண்டர் ஹெட்டைச் சோதிக்காமல் விடக் கூடாது.

அதே மீட்டரில் மறைவாக ஒரு சோதனைப் பட்டியல் இருக்கிறது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கும் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் பட்டியல் திறக்கும். 19ஆவது சோதனையில் பூட்டு நீக்கப்படும். அதற்கான எண், சேசி எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களின் கூட்டுத்தொகை. பிறகு 7ஆவது சோதனைக்குப் போனால் கூலன்ட் வெப்பம் டிகிரியில் தெரியும். ஸ்கேனர் இல்லாதவர்களுக்கு இது போதும். பழைய பி.எம்.டபிள்யூ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அதை வைத்து எடுத்த அளவுகள் இவை. சம தரையில் 90 கிலோமீட்டர் வேகத்தில், ஏர்கோனுடன்: 71 டிகிரி. சிவப்பு விளக்கில் நின்றபோது 104, நிற்க நிற்க ஏறியது. ஈப்போவிலிருந்து வடக்கே போகும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு முந்தைய ஏற்றத்தில்: 113. அங்கேயே ஏர்கோனை அடைத்து, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டினோம்.

இந்த இன்ஜினின் தெர்மோஸ்டாட் 97 டிகிரியில் திறக்க வேண்டியது. சமதரையில் 90களின் நடுவில் இருக்க வேண்டிய வெப்பம் 71இல் கிடக்கிறது, மேட்டில் 113ஐத் தொடுகிறது. ரேடியேட்டர் மட்டும் அடைத்திருந்தால் சமதரையிலும் வெப்பம் கூடுதலாகத்தான் இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்தால் மேட்டில் இவ்வளவு ஏறாது. இரண்டும் ஒன்றாக நடக்க ஒரு வழிதான் உண்டு: தெர்மோஸ்டாட்டே இல்லை.

பிரிக்கும் முன் செய்த சோதனைகள்

முதலில் ஹெட். எம்54இன் பிளாக் அலுமினியம். ஹெட் போல்டுகள் அந்த அலுமினியத்திலேயே திருகப்பட்டிருக்கின்றன. வண்டி கடுமையாகச் சூடானால், குறிப்பாகப் பின்பக்கச் சிலிண்டர்களின் அருகே, பிளாக்கின் மரை பெயர்ந்து போல்டோடு வந்துவிடும். அப்படியானால் ஹெட்டைக் கழற்றி, மரையைக் குடைந்து, எஃகு உறை பதித்துத்தான் சரிசெய்ய முடியும். அதற்கு ஆகும் செலவு பல வண்டிகளின் சந்தை விலையையே நெருங்கிவிடும். அதனால் இந்தச் சோதனை முடிவதற்குள் ஒரு பாகம்கூட வாங்கக் கூடாது.

எக்ஸ்பேன்ஷன் டேங்கின் (சூட்டில் விரியும் கூலன்டுக்கு இடம் தரும் தொட்டி) வாயில், சிலிண்டரில் எரிந்த வாயு கலக்கிறதா என்று காட்டும் சோதனைக் குழாயை வைத்து, இன்ஜினை வேலை வெப்பத்தில் ஓடவிட்டோம். நீலத் திரவம் நீலமாகவே நின்றது. எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாகியிருக்கும். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்ததில் எல்லாம் ஒரே பழுப்பு நிறம். கூலன்ட் புகுந்த சிலிண்டரின் பிளக் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருக்கும், அப்படி எதுவும் இல்லை. ஆயில் மூடியின் அடியிலும் குழம்பு படியவில்லை. ஹெட் தப்பித்தது.

அடுத்தது அழுத்தச் சோதனை. இன்ஜின் ஆறிய பிறகு, டேங்க் வாயில் அடாப்டரைப் பூட்டி, கைப்பம்பால் 1.5 பார் வரை ஏற்ற வேண்டும். இரண்டு நிமிடத்தில் 0.1 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. இந்த வண்டியில் முள் கண் முன்னாலேயே இறங்கியது. ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. டேங்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கைவிளக்கைச் செலுத்தியபோதுதான் தெரிந்தது: டேங்கின் இரு பாதிகளும் ஒட்டப்பட்ட தையல் கோட்டுக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அதைச் சுற்றிக் காய்ந்து வெளுத்த உப்புப் படிவம். சூட்டில் விரிந்து கசிந்து, அங்கேயே ஆவியாகி, ஆறியதும் மூடிக்கொள்ளும் விரிசல். அதனால்தான் வீட்டுப் போர்ச்சில் எந்தக் கறையும் படியவில்லை.

பிறகு விசிறிகள். ஈ39இல் இரண்டு இருக்கின்றன. வாட்டர் பம்பின் தண்டில் பூட்டிய விஸ்கஸ் விசிறி (எண்ணெய்க் கிளட்ச் வழியாகச் சுற்றுவது) ரேடியேட்டருக்குப் பின்னால். மின்விசிறி ஏர்கோன் கண்டென்சருக்கு முன்னால். சூடான இன்ஜினை அணைத்ததும் விஸ்கஸ் விசிறியைக் கையால் தள்ளிப் பார்த்தால் பிடித்து இழுப்பதுபோல் எதிர்ப்பு இருக்க வேண்டும். இங்கே ஒரு தட்டுக்கு இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றியது. உள்ளே இருந்த சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். மின்விசிறியோ சுற்றவே இல்லை. பிளக்கில் மின்சாரம் வந்தது, எர்த்தும் இருந்தது, ஸ்கேனரிலிருந்து கட்டளை கொடுத்தாலும் அசைவில்லை. இந்த விசிறியின் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று மோட்டாரோடு சேர்ந்தே இருக்கிறது. மோட்டார் நல்ல நிலையில் இருக்கும்போதே அந்தச் சுற்று செத்துப்போவது ஈ39இன் தெரிந்த நோய். ஏர்கோன் நின்ற இடத்தில் சூடான காற்றை ஊதுவதுதான் அதன் முதல் அறிகுறி. பல பட்டறைகளில் இதைக் கேஸ் குறைவு என்று நினைத்து கேஸை ஏற்றிவிடுகிறார்கள். அழுத்தம் இன்னும் கூடி, கம்ப்ரெஸருக்கும் ஆபத்தாகிறது.

பிரித்தபோது

விஸ்கஸ் விசிறியின் நட் 32 மி.மீ., இடதுமரை. வண்டியின் முன்னால் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் தளரும். பெல்ட் இன்னும் இறுக்கமாக இருக்கும்போதே மெல்லிய 32 ஸ்பானரைப் பூட்டி, அதன் கைப்பிடியில் சுத்தியலால் நறுக்கென்று ஒரே அடி. மெதுவாக இழுத்தால் புல்லியும் சேர்ந்து சுற்றும், நட் அசையாது. அடிக்கும் முன் ரேடியேட்டரை மறைத்து ஓர் அட்டையைச் செருக வேண்டும். கழற்றிய விசிறியை நிமிர்த்தியே வைக்க வேண்டும், படுக்க வைத்தால் கிளட்ச்சின் எண்ணெய் இடம் மாறும். பிளாஸ்டிக் இறக்கைகளின் அடிவாரத்தை விரலால் தடவிப் பார்த்ததில் இரண்டு இறக்கைகளில் நுண்ணிய வெடிப்பு. ஓடும்போது இந்த இறக்கை உடைந்தால் ரேடியேட்டரைக் கிழித்து பானட்டையும் மேலே முட்டித் தள்ளும். கிளட்ச்சை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய இறக்கையைத் திரும்பப் பூட்டுவது சரியான சிக்கனம் அல்ல.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதும் 71 டிகிரிக்கான விடை கையில் வந்தது. எம்54இல் தெர்மோஸ்டாட்டும் அதன் கூடும் ஒரே பாகம், தனியாக வால்வை எடுத்துவிட முடியாது. அதனால் யாரோ, சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் மெழுகுக் குப்பி, ஸ்பிரிங், தட்டு எல்லாவற்றையும் இரும்பு ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு வெறும் கூட்டை மறுபடி பூட்டியிருந்தார்கள். அறுத்த பிசிறு பிளாஸ்டிக்கின் ஓரத்தில் அப்படியே நின்றது. மின் பிளக் வெளியே மாட்டப்பட்டிருந்தது, உள்ளே சூடேற்ற ஒன்றுமில்லை.

சூடாகும் வண்டியில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடுவது இங்குள்ள பழைய பட்டறைப் பழக்கம். சில ஜப்பான் இன்ஜின்களில் அது பெரிய கெடுதல் செய்யாமல் ஓடியிருக்கலாம். எம்54இல் செய்யக் கூடாது. காரணம் இந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலைகள். முன்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கிறது. அதே நேரத்தில் பின்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை அடைக்கிறது. முழுவதும் திறந்த நிலையில் எல்லாக் கூலன்டும் ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். குப்பியை அறுத்துவிட்டால் இரண்டு வழிகளும் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சமதரையில் இன்ஜின் தரும் வெப்பம் குறைவு, ரேடியேட்டருக்குப் போகும் பாதிப் பங்கே அதை அளவுக்கு மீறிக் குளிரவைக்கப் போதும். மேட்டில் வெப்பம் பெருகும்போதோ கூலன்டில் பெரும்பங்கு எளிதான குறுக்குவழியில் ஓடி, சூட்டோடு சூடாகத் திரும்ப வந்துவிடும். 71உம் 113உம் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள்.

71 டிகிரியில் ஓடுவதும் நல்லதல்ல. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்றே டிஎம்இ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எண்ணும், பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக வெப்பம் போதாது. டவுனுக்கும் வீட்டுக்கும் குறுகிய தூரம் மட்டுமே ஓடும் தோட்டத்து வண்டிக்கு இது இரட்டைக் கேடு.

வாட்டர் பம்பின் தண்டைப் பிடித்து ஆட்டியதில் ஆட்டம் தெரிந்தது, கசிவுத் துளையின் கீழே பழுப்புக் கோடு. பம்ப்பை நான்கு நட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றை எடுத்தாலும் பம்ப் வராது. அதன் விளிம்பில் இருக்கும் இரண்டு மரைத்துளைகளில் எம்6 போல்டுகளைப் போட்டு மாற்றி மாற்றிக் கால் சுற்று இறுக்கினால் நேராக வெளியே தள்ளும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் டைமிங் கவரின் அலுமினிய முகம் கீறும். அதற்குப் பிறகு எத்தனை புதிய ஓ-ரிங் போட்டாலும் அந்த இடம் கசியும்.

டேங்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் அடியில் சிறிய வட்ட முத்திரை: நடுவில் இரண்டு இலக்க ஆண்டு, சுற்றிலும் மாத எண்கள், ஒரு அம்புக்குறி. அச்சில் வார்த்த எந்த பிளாஸ்டிக் பாகத்திலும் இப்படியொன்றைத் தேடிப் பார்க்கலாம். இதில் ஆண்டு 02. அதாவது தொழிற்சாலையில் பூட்டிய டேங்க், இதுவரை யாரும் மாற்றவில்லை. ரேடியேட்டரின் பக்கத் தொட்டியிலும் அதே ஆண்டு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விற்பவரின் பேச்சைக் கேட்கும் முன் இந்த முத்திரைகளைப் பார்ப்பது நல்லது.

இந்தப் பாகங்கள் கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆனவை. சூடான நீரும் கூலன்டில் உள்ள கிளைக்காலும் வருடக்கணக்கில் நைலானின் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே வரும். கருப்பு நிறம் பழுப்பாக மங்கும், நகத்தால் அழுத்தினால் மாவுபோல் உதிரும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ஒரு விரிவு, ஒரு சுருக்கம். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு அது ஒரு சுற்று. காலையில் அலுவலகம், மதியச் சோறு, பிள்ளையின் டியூஷன், மாலைக் கோவில் என்று ஓடும் வண்டிக்கு ஒரே நாளில் நான்கைந்து சுற்று. அதனால் கிலோமீட்டர் குறைவு என்பது இந்த பிளாஸ்டிக்குக்கு ஆயுள் கூடுதல் என்று ஆகிவிடாது.

கடைசியாக, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்து. வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரிந்தது. ரேடியேட்டரைத் தூக்கியபோது அதன் முன்முகத்தின் கீழ்ப்பாதி முழுவதும் செம்மண், லாலான் புல்லின் பஞ்சு, செத்த பூச்சி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து கம்பளிபோல் ஒட்டியிருந்தது. லாரிகள் ஓடும் செம்மண் பாதையில் மற்ற வண்டிகளின் பின்னால் போகும் காருக்கு இது தவிர்க்க முடியாதது. அழுத்த நீர்க்குழாயை நேராக அடித்தால் துடுப்புகள் மடங்கி இன்னும் அடையும். கார் ஷாம்பூ கலந்த நீரில் ஊறவிட்டு, சாதாரண தோட்டக் குழாயால் பின்னாலிருந்து முன்னோக்கிக் கழுவினால் போதும். கண்டென்சரை அப்படிக் கழுவினோம். ரேடியேட்டரைப் புதிதாகப் போட்டோம், அந்த வயதுத் தொட்டியைத் திரும்பப் பூட்டுவதில் பொருளில்லை.

வாங்கியதும் வாங்காததும்

இந்தக் குளிர்விப்பு முறையில் பலவீனமான இடம் ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனம் முன்னுக்கு வரும். பழைய, விரிசல் விட்ட டேங்கில் கசிந்து குறைந்திருந்த அழுத்தம், புதிய டேங்க் போட்டதும் முழு அளவுக்கு உயர்ந்து பழைய ரேடியேட்டரின் கழுத்தை ஒடிக்கும். ஆகவே மொத்தமாக மாற்றினோம்: ரேடியேட்டர், டேங்க், மூடி, மட்ட உணரி, காற்று நீக்கும் திருகு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மேல் கீழ் ஹோஸ்கள், டேங்குக்குப் போகும் சிறிய ஹோஸ், கீழ் ஹோஸில் இருக்கும் வெப்ப உணரியின் ஓ-ரிங், விஸ்கஸ் கிளட்ச், விசிறி இறக்கை, முன் மின்விசிறி, இரண்டு பெல்ட்டுகள், டென்ஷனர் உருளை, வழிகாட்டி உருளை.

ரேடியேட்டர், டேங்க், தெர்மோஸ்டாட் மூன்றும் பெஹ்ர் நிறுவனத்துடையது வாங்கினோம், பம்ப் உலோக இம்பெல்லர் உள்ளது. டேங்கில் மட்டும் மலிவுப் பொருளுக்குப் போக வேண்டாம். மலிவு டேங்கின் தையல் கோடு பளபளப்பாக இருக்கும், கழுத்தின் மரை மூடியைச் சரியாகப் பிடிக்காது. ஹாஃப் கட் கடைகளில் (வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்பவை) ஈ39இன் கதவுக் கண்ணாடி மோட்டார், இருக்கை, விளக்கு எல்லாம் நல்ல விலைக்குக் கிடைக்கும். குளிர்விப்பு பாகங்களை மட்டும் அங்கே வாங்கக் கூடாது, அவையும் அதே வயது பிளாஸ்டிக்.

மூடியில் 200 அல்லது 140 என்று அச்சிட்டிருக்கும். 2 பார், 1.4 பார் என்று பொருள். வயதான வண்டிக்கு 140 போதும். 1.4 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 126 டிகிரி வரை கொதிக்காது, கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே போகும்.

பூட்டும் வேலை

பிளாக்கின் வடிகால் போல்ட் எக்ஸாஸ்ட் பக்கம், இரண்டாம் சிலிண்டரின் அருகே, 13 மி.மீ. தலை. வலப்புற ஸ்டியரிங் வண்டியில் அந்தப் பக்கம் நெருக்கடி, நீண்ட எக்ஸ்டென்ஷன் வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பழைய தண்ணீரில் பெரும்பங்கு பிளாக்கிலேயே தங்கிவிடும். இங்கே பிளாக்கிலிருந்து வந்தது தேநீர் நிறம். கழிவு தெளியும்வரை கழுவி, கடைசிச் சுற்று காய்ச்சி வடித்த நீரில். கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகளின் நாடு, இங்குள்ள கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் உள்ளே சுண்ணம் படியும். போல்டுக்குப் புதிய அலுமினிய வாஷர், 25 நியூட்டன் மீட்டர்.

பம்ப்பின் ஓ-ரிங்கைக் கூலன்டில் நனைத்து, உட்காரும் குழியைப் பச்சை ஸ்க்ரப்பரால் துடைத்து, பம்ப்பை நட்டுகளால் சீராக உள்ளே இழுக்க வேண்டும். எம்6 நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர்தான். தெர்மோஸ்டாட், புல்லி போல்டுகளுக்கும் அதே 10. விசிறி நட்டுக்கு 40. ஹோஸ்களின் முனை கம்பிக் கிளிப்பில் பூட்டுவது. 'கிளிக்' என்று கேட்ட பிறகு பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். ஓ-ரிங்குக்குக் கிரீஸ் வேண்டாம், பெட்ரோலிய கிரீஸ் அந்த ரப்பரை ஊதவைக்கும்.

காற்று நீக்கும் திருகு பிளாஸ்டிக். பித்தளைத் திருகு போடச் சொல்பவர்கள் உண்டு. திருகு உடையாது என்பது சரி, ஆனால் அடுத்து டேங்கின் மரைதான் தேயும். சில ரிங்கிட் திருகை உடைய விடுவதே மேல். விரல் இறுக்கத்துக்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான்.

இந்த வண்டியின் மொத்தக் கொள்ளளவு 10.5 லிட்டர். கழுவிய பிறகு பிளாக்கில் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் நிற்கும். அதனால் முன்கூட்டியே பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். முதலில் 5.25 லிட்டர் சுத்தக் கூலன்டை ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினால் கணக்கு சரியாக நிற்கும். கூலன்ட் பி.எம்.டபிள்யூவின் நீலம், அல்லது அதே ஜி48 வகை. பச்சை, சிவப்பு என்று கைக்குக் கிடைத்ததைக் கலக்கக் கூடாது. இங்கே பனி உறையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. உறைவதைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. அலுமினியம் அரிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் நம் வெயிலுக்குத்தான் அதிகம் தேவை.

காற்று நீக்குவது இப்படி. வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, சாவியை இரண்டாம் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், ஹீட்டரை முழுச் சூட்டிலும் காற்றை மிகக் குறைந்த வேகத்திலும் வைக்க வேண்டும். அப்போது ஹீட்டர் வால்வு திறந்திருக்கும். நம் ஊரில் யாரும் ஹீட்டரைத் தொடுவதில்லை என்பதால் இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்று ஹீட்டரில் சிக்கி, பிறகு ஓட்டத்தில் ஹெட்டுக்கு வந்து சேர்கிறது. திருகைத் திறந்து மெதுவாக ஊற்றி, குமிழி நின்று கூலன்ட் மட்டும் வழியும்போது மூடவும். இன்ஜினைச் சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டு, சிவப்பு மிதவைக் குச்சியைப் பார்த்து மீண்டும் நிரப்பவும். ஆறும் முன் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்.

பிறகு கிடைத்த எண்கள்

சமதரையில் 90 கிலோமீட்டர் வேகம்: 96. சிவப்பு விளக்கில், மதிய வெயிலில், ஏர்கோனுடன்: 98க்கும் 100க்கும் இடையே, அதற்கு மேல் ஏறவில்லை, ஏர்கோனும் குளிர்ந்தது. மெனோரா ஏற்றத்தில் 86.

மேட்டில் வெப்பம் குறைந்தது தவறல்ல. இந்தத் தெர்மோஸ்டாட்டின் மெழுகுக்குள் ஒரு சிறிய மின்சூடேற்றி இருக்கிறது. இன்ஜினுக்குச் சுமை கூடும்போது டிஎம்இ அதற்கு மின்சாரம் கொடுத்து, கூலன்ட் 97ஐத் தொடும் முன்பே வால்வைத் திறக்கும். சாதாரண ஓட்டத்தில் சிக்கனத்துக்காகச் சூடாகவும், சுமையில் பாதுகாப்புக்காகக் குளிர்ச்சியாகவும் ஓடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ரம்பத்தால் அறுத்தவர் எடுத்தெறிந்தது இந்த ஏற்பாட்டைத்தான்.

மாற்றியமைப்புகள் பற்றி

உரிமையாளர் மூன்று விஷயங்கள் கேட்டார். 88 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா? போடலாம், ஆனால் அதற்கேற்ப டிஎம்இயைத் திருத்தாவிட்டால் வெப்பம் போதவில்லை என்று பிழை விளக்கு எரியும். தினசரி ஓட்டும் வண்டிக்கு 97ஏ சரி.

விஸ்கஸ் விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி மட்டும் வைக்கலாமா? இன்ஜினின் சுமை சற்றுக் குறையும், இரைச்சலும் குறையும். ஆனால் நம் வெயிலில், ஏர்கோன் நாள் முழுக்க ஓடும் ஐந்து இருக்கை வண்டியில், அதற்குச் சரியான அளவு விசிறியும் தடித்த வயரிங்கும் ரிலேயும் வெப்ப சுவிட்சும் வேண்டும். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து நேரடியாக இணைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. அதைப் போட மறக்கும் ஒரு நாள் போதும்.

முழு அலுமினிய ரேடியேட்டர்? நன்றாகச் செய்தது என்றால் பந்தய ஓட்டத்துக்கு நல்லது. மலிவானது துடுப்பு இடைவெளி தவறி, பக்கப் பிடிமானங்களில் உட்காராமல், குலுங்கிக் கழுத்தில் விரிசல் விடும். செம்மண் பாதை அதை இன்னும் விரைவாக்கும்.

இவற்றைவிட அந்தப் பணத்தில் இரண்டு காரியங்கள் செய்யலாம் என்று சொன்னோம். ஒன்று, உண்மையான கூலன்ட் வெப்பத்தைக் காட்டும் சிறிய எண் மீட்டர். இன்னொன்று, கண்டென்சருக்கு முன்னால் மெல்லிய எஃகு வலை. வலையின் கண் மிகச் சிறியதாக இருந்தால் காற்றையே தடுக்கும், கொசுவலை உதவாது. இரண்டையும் அவர் பூட்டிக்கொண்டார்.

மிச்சமிருப்பவை

பெல்ட்டைக் கழற்றியபோது ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கட்டில் கசிவு தெரிந்தது. அங்கிருந்து வடியும் ஆயில் பெல்ட்டையும் புதிய உருளைகளையும் நனைக்கும், அதனால் அதுதான் அடுத்த வேலை. எம்8 போல்டுகள், 22 நியூட்டன் மீட்டர், முகத்தைச் சுத்தமாகத் துடைத்தால் சிலிக்கோன் பசை தேவையில்லை. அதோடு இன்டேக்கைக் கழற்றி, அடியில் போகும் ஹீட்டர் குழாய்களின் ஓ-ரிங்குகளையும், ஆயில் ஆவி பிரிப்பானையும் அதன் நான்கு ஹோஸ்களையும் ஒரே கையில் முடிக்கலாம். டிசா வால்வின் (இன்டேக் காற்றின் வழியை மாற்றும் வால்வு) மடலை அப்போதே ஆட்டிப் பார்க்க வேண்டும். அதன் ஊசி தளர்ந்திருந்தால் மடல் உடைந்து இன்ஜினுக்குள் போகும்.

கூலன்ட் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அழுத்தச் சோதனை ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையிலான சந்தை, தோட்டப் பாதையில் புழுதி பறக்கும் வறண்ட மாதங்களுக்குப் பிறகு, மேல் மூடியைக் கழற்றிக் கைவிளக்கோடு பார்க்கும்படி உரிமையாளருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம்.